கஜராஜனும் சகடையும்

தமிழில் 'பட்டப்பெயர்' என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. அரசன் தனக்குத் தானே சூட்டிக்கொள்வதும் பட்டப்பெயர்தான். கடைசி வரிசைப் பையன் கணக்கு வாத்தியாருக்கு ரகசியமாக வைப்பதும் பட்டப்பெயர்தான். முன்னது மேலிருந்து இறங்கி வருவது, பின்னது கீழிருந்து ஏறிச் செல்வது. இரண்டையும் ஒரே சொல்லால் குறித்த நம் மொழி, இவ்விரண்டுக்கும் இடையே நடக்கும் போட்டியை நன்றாகவே அறிந்திருக்கிறது. இந்தப் போட்டி வெளிப்படையாகத் தெரியும் இடங்களில் ஒன்று, நாம் வழக்கமாக இலக்கியம் தேடாத இடம்: விமானப்படைத் தளங்களும், அவற்றுக்கு மேலும் கீழும் உள்ள மனிதர்களின் பேச்சும்.

காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்திலிருந்து தொடங்குவோம். வைணவர்களுக்கு அது கூரத்தாழ்வான் பிறந்த ஊர். வரலாற்று ஆர்வலர்களுக்கோ அது கூரம் செப்பேட்டின் ஊர். ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட முதலாம் பரமேசுவரவர்மப் பல்லவனின் அந்தச் செப்பேடு, கோயிலுக்கு விட்ட நிலத்தையும் மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கான ஏற்பாட்டையும் பதிவு செய்கிறது. கூடவே, சாளுக்கியரோடு நடந்த போரின் வருணனையும் உண்டு. அங்கே அரசன் ஏறிச் சென்ற யானைக்கு அரிவாரணம் என்றும், குதிரைக்கு அதிசயம் என்றும் பெயர். போர் வாகனத்துக்குப் பெயர் சூட்டும் பழக்கம் இந்த மண்ணில் குறைந்தது 1300 ஆண்டுப் பழமை உடையது என்று இதைக்கொண்டு சொல்லலாம். ஆனால் அந்த யானையைக் குளிப்பாட்டிய பாகன், அது அடம்பிடித்த காலைவேளைகளில் அதை என்ன சொல்லி அழைத்தான் என்பதைச் செப்பேடு சொல்லவில்லை. சொல்லவும் சொல்லாது. செப்பேடு அரசன் செலவில் வெட்டப்படுவது. பாகனின் பெயருக்குச் செப்புத் தகடு கிடைப்பதில்லை.

இன்று அதே வட்டாரத்து வானத்தில் பறப்பவற்றுக்கும் பெயர்கள் உண்டு. கூரத்திலிருந்து வெகு தொலைவில் இல்லாத அரக்கோணத்தில், 1992ஆம் ஆண்டு மார்ச்சில் கடற்படை விமானத்தளம் ஒன்று தொடங்கப்பெற்றது. அதன் பெயர் 'ராஜாளி'. 2009இல் இராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளியில் அமைந்த தளத்துக்குப் 'பருந்து' என்று பெயர் வைத்தார்கள். இரண்டும் தமிழர் நாவில் இயல்பாகப் புரளும் பெயர்கள். இராணுவத்தின் பெயர்சூட்டும் வழக்கத்தில் இது அபூர்வமாகக் கிடைத்த நல்வாய்ப்பு.

அரக்கோணத்தில் கால்நூற்றாண்டுக் காலம் குடியிருந்த ராட்சதப் பறவை ஒன்று உண்டு. 1988இல் சோவியத் ஒன்றியத்திடமிருந்து வந்த டியூ-142 என்னும் கடற்கண்காணிப்பு விமானம் அது. மொத்தம் எட்டு. நான்கு எஞ்சின்கள், ஒவ்வொரு எஞ்சினிலும் எதிரெதிராகச் சுழலும் இரண்டு காற்றாடிகள். தலைக்கு மேல் சென்றால் அதன் முழக்கத்தை வேறு எதனோடும் குழப்பிக்கொள்ள முடியாது. நேட்டோ நாடுகள் அதற்கு வைத்த பெயர் 'கரடி'. நம் கடற்படையில் அந்த விமானப் பிரிவின் பெயர் 'ஆல்பட்ராஸ்'. கடலுக்கு மேல் நெடுந்தொலைவு இறக்கை அசைக்காமல் மிதக்கும் அந்தப் பறவை, வேலைக்குப் பொருத்தமான கௌரவம்தான். 2017 மார்ச் 29 அன்று ராஜாளித் தளத்திலேயே அவற்றுக்கு விடை கொடுத்தார்கள். இப்போது அவ்விடத்தில் பி-8ஐ விமானங்கள் பறக்கின்றன.

இதில் ஒரு வேடிக்கை. அதே ஆல்பட்ராஸ் பறவைக்குப் பசிபிக் தீவுகளில் இருந்த அமெரிக்கப் படையினர் வைத்த பெயர் 'கூனி பேர்ட்', அதாவது அசட்டுப் பறவை. வானத்தில் அரசன்போல் மிதக்கும் அது, தரையிறங்கும்போது தடுமாறிக் குட்டிக்கரணம் போடுவதைப் பார்த்து வைத்த பெயர். பின்னர் அந்தப் பெயர், இரண்டாம் உலகப்போரின் பொதிசுமையான டகோட்டா விமானத்துக்குச் சென்று ஒட்டிக்கொண்டது. ஒரே பறவை, மேலதிகாரியின் வாயில் விருதாகவும் சிப்பாயின் வாயில் கேலியாகவும் ஆகியிருக்கிறது. பறவையைப் பறக்கும்போது பார்த்தவர் ஒருவர், தரையிறங்கும்போது பார்த்தவர் இன்னொருவர். விமானத்தைப் பொறுத்தவரை இரண்டாமவரே அதை அதிகம் அறிந்தவர் என்பது நம் கட்சி.

இந்திய விமானப்படையின் அதிகாரப்பூர்வப் பெயர்ப்பட்டியலைப் பாருங்கள். மிராஜ்-2000 'வஜ்ரா', ஜாகுவார் 'ஷம்ஷேர்', மிக்-29 'பாஸ்', மிக்-25 'கருடா', மிக்-27 'பகதூர்', ஐஎல்-76 'கஜராஜ்'. இந்திரனின் ஆயுதம், வாள், வல்லூறு, விஷ்ணுவின் வாகனம், வீரன், யானையரசன். அரிவாரணமும் அதிசயமும் எந்த மரபோ அந்த மரபின் நேர்வாரிசுகள் இவை. ஏர் இந்தியா தன் போயிங் 747 விமானங்களுக்குச் சக்கரவர்த்திகளின் பெயர்களைச் சூட்டியது. அசோகர், ராஜேந்திர சோழர், நம் காஞ்சிபுரத்து மகேந்திரவர்மர் எல்லோரும் அவ்வாறு வானில் வலம்வந்தவர்கள். தன்னைத் தானே 'மத்தவிலாசன்' என்று அழைத்துக்கொண்டு, அதே பெயரில் ஓர் அங்கதநாடகமும் எழுதிய அந்த மகேந்திரன், தன் பெயர் தாங்கிய ஜம்போவைப் பார்த்திருந்தால் வாய்விட்டுச் சிரித்திருப்பான் என்றே தோன்றுகிறது. ஆனால் அந்த வரிசையில் ஒரு பெயரை நம்மால் சிரித்துக்கொண்டு சொல்ல முடியாது. 1985 ஜூன் 23 அன்று அட்லாண்டிக் கடலுக்கு மேல் குண்டுவெடித்துச் சிதறி, 329 பேரோடு மறைந்த விமானத்தின் பெயர் கனிஷ்கர். அன்றுமுதல் 'கனிஷ்கா' என்றால் செய்தித்தாள் படிக்கும் தமிழருக்குக் குஷாணப் பேரரசன் நினைவுக்கு வருவதில்லை. சூட்டிய பெயரின் பொருளைச் சூட்டியவர்களால் காப்பாற்ற முடிவதில்லை என்பதற்கு இதைவிடத் துயரமான சான்று தேவையில்லை.

கீழிருந்து ஏறிய பெயர்களும் இந்திய விமானப்படையின் முதல்நாள் தொட்டே உண்டு. 1933 ஏப்ரல் 1 அன்று கராச்சியில் நான்கு வாபிட்டி விமானங்களோடு முதல் அணி தொடங்கியது. 'ஹவாய் சிப்பாய்' என்று அழைக்கப்பட்ட தரைப்பணியாளர்கள் பத்தொன்பது பேர். வாபிட்டி என்பது வட அமெரிக்கப் பெருமான் ஒன்றின் பெயர். அந்தக் கம்பீரத்தை விமானிகள் ஓரெழுத்தும் பெரிதாக மாற்றாமல் 'வாட் எ பிட்டி' என்று உடைத்தார்கள். ஐயோ பாவம்! ஏற்கெனவே பழசாகிவிட்ட அந்த இரட்டைத்தட்டு விமானத்துக்கு இதைவிடச் சுருக்கமான மதிப்புரை இருக்க முடியாது. காளமேகப் புலவரின் சிலேடைகளை மனப்பாடம் செய்து வளர்ந்தவர்களுக்கு, இது எந்த வகை என்று விளக்க வேண்டியதில்லை.

மாறாக, கேலியை அதிகாரம் துடைத்தெடுத்ததற்கும் உதாரணம் உண்டு. பிரிட்டனில் உருவான 'நாட்' என்னும் சின்னஞ்சிறு சண்டை விமானத்தின் பெயருக்குப் பொருள் கொசு போன்ற ஒரு பூச்சி. உருவாக்கியவர்களே தன்னடக்கத்தோடு வைத்த பெயர். 1965 போரில் தன்னைவிடப் பெரிய சேபர் விமானங்களை எதிர்த்துப் பெயர்பெற்றது அந்தக் கொசு. 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் வானில் அதே விமானத்தில் போரிட்டு மடிந்த நிர்மல்ஜித் சிங் செகோன்தான் இந்திய விமானப்படையில் பரம்வீர் சக்கரம் பெற்ற ஒரே வீரர். பின்னர் அதை மேம்படுத்தி இந்தியாவில் கட்டியபோது வைத்த பெயர் 'அஜீத்', வெல்லப்படாதவன். கொசு என்று அழைத்தபோது அதன் வெற்றி நம்மை வியக்கவைத்தது. வெல்லப்படாதவன் என்று அழைத்தபிறகு வெல்வது அதன் கடமையாகிப் போயிற்று. எது நல்ல பெயர் என்று வாசகர்களே முடிவு செய்துகொள்ளலாம்.

நன்னூலார் பெயரை இடுகுறி என்றும் காரணம் என்றும் பிரிக்கிறார். விருதுப்பெயர் காரணப்பெயர்போல் வேடமிட்ட இடுகுறி. வஜ்ரத்துக்கும் மிராஜுக்கும் வைத்தவரின் விருப்பத்தைத் தவிர வேறு தொடர்பு இல்லை. உழைப்பவன் வைக்கும் கேலிப்பெயரே உண்மையான காரணப்பெயர். அதில் வடிவம் இருக்கும், ஓசை இருக்கும், குறை இருக்கும், நேற்று இரவு அது கொடுத்த தொல்லையும் இருக்கும். அமெரிக்கர் 'தண்டர்போல்ட்' என்று பெயரிட்ட ஏ-10 விமானத்தை அதன் விமானிகள் 'வார்ட்ஹாக்' என்கிறார்கள். கோரைப்பல் நீட்டிய ஆப்பிரிக்கக் காட்டுப்பன்றி. இடியேறு என்ற பெயர் மறந்துபோய், பன்றிதான் நிலைத்தது. பி-52 குண்டுவீச்சு விமானத்துக்கு அவர்கள் வைத்த 'பஃப்' என்ற பெயரை விரித்தால், பெரிய, அவலட்சணமான, குண்டு ஆசாமி என்று வரும். கடைசிச் சொல்லை அச்சுக்காக நாகரிகப்படுத்தியிருக்கிறார்கள் என்பது அனைவரும் அறிந்த ரகசியம். இவற்றில் வெறுப்பு இல்லை. நம் பக்தி மரபில் நிந்தாஸ்துதி என்று ஒன்று உண்டல்லவா, பித்தன் என்றும் பேயன் என்றும் தெய்வத்தைத் திட்டிக் கொஞ்சுவது, அதே மனநிலைதான் இது. உயிரை ஒப்படைத்தவனுக்கு மட்டுமே அந்த உரிமை உண்டு.

சில வேளைகளில் கீழேயுள்ள பெயர் வென்றுவிடுகிறது. ஏர்பஸ் நிறுவனம் விமான உதிரிபாகங்களைச் சுமக்கக் கட்டிய பூதாகாரமான விமானத்துக்கு 'சூப்பர் டிரான்ஸ்போர்ட்டர்' என்று பெயரிட்டது. பார்த்தவர்கள் அதன் உப்பிய நெற்றியைக் கண்டு 'பெலூகா' என்றார்கள். அது ஒருவகைத் திமிங்கலம். அடுத்த தலைமுறை விமானத்துக்கு நிறுவனமே பெலூகா எக்ஸ்எல் என்று பெயர்வைத்து, முகப்பில் கண்ணும் சிரிப்பும் வரைந்துவிட்டது. தோல்வியை இவ்வளவு அழகாக ஒப்புக்கொண்ட நிர்வாகம் அபூர்வம்.

இதுவரை சொன்னவை சிரிக்கத்தக்கவை. சிரிப்பு உறைந்துபோகும் எல்லையும் உண்டு.

மேற்கு ஜெர்மனி 1960களில் வாங்கிப் பறந்த ஸ்டார்ஃபைட்டர் விமானங்கள் 916. அவற்றில் 292 விழுந்தன, 116 விமானிகள் இறந்தனர். உயரத்தில் பறந்து மறிக்க வடிவமைத்த, குட்டையான இறக்கைகொண்ட விமானத்தை, ஐரோப்பாவின் மோசமான வானிலையில் தாழப் பறந்து குண்டுபோடவும் பயன்படுத்தியதே காரணங்களில் முக்கியமானது. ஜெர்மானியர் அதை 'விதவையாக்கி' என்றார்கள். 'கூடார முளை' என்றும் சொன்னார்கள், நேராகத் தரையில் போய்க் குத்துவதால். உங்களுக்கு ஒரு ஸ்டார்ஃபைட்டர் வேண்டுமா, ஒரு துண்டு நிலம் வாங்கிப்போட்டுக் காத்திருங்கள் என்று ஒரு நகைச்சுவையும் அங்கே உலவியது.

இந்தியாவில் அதே இடத்தில் மிக்-21 நின்றது. 1963இல் வந்து, 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைபெற்ற விமானம். முக்கோண இறக்கையைப் பார்த்து ரஷ்யர்கள் அதை 'பாலலைகா' என்றார்கள், அவர்கள் நாட்டு மூன்றுமூலைத் தந்திவாத்தியம் அது. போலந்துக்காரர்களுக்கு அது பென்சில். நமக்கோ 'பறக்கும் சவப்பெட்டி'. இசைக்கருவியும் எழுதுகோலும் சவப்பெட்டியும் ஒரே இயந்திரம்! நாடாளுமன்றத்தில் 2012இல் தரப்பட்ட கணக்கின்படி, 1970களின் தொடக்கத்திலிருந்து அதுவரை, வாங்கிய 872 மிக் ரக விமானங்களில் 482 விபத்துகளில் அழிந்திருந்தன. இறந்த விமானிகள் 171 பேர். தரையில் இருந்த பொதுமக்கள் 39 பேரும் இறந்திருந்தனர்.

'பறக்கும் சவப்பெட்டி' என்ற பெயரைப் பற்றி எமக்கு ஒரு மறுப்பு உண்டு. அதைப் பறக்கவிட்டவர்கள் பலர் அந்தப் பெயரை விரும்பவில்லை. அது விமானியின் கேலி அல்ல, செய்தித்தாளின் தலைப்பு. இரண்டுக்கும் வேறுபாடு இருக்கிறது. விமானி தன் வாகனத்தைச் சவப்பெட்டி என்றால், தன் அச்சத்தைத் தானே கையில் எடுத்துக்கொள்கிறான் என்று பொருள். நாம் சொன்னால், அவன் மனைவியும் தாயும் காலைக் காப்பியோடு அதைப் படிக்கவேண்டியிருக்கிறது. இன்னும் முக்கியமானது, அந்தப் பெயர் பழி முழுவதையும் இயந்திரத்தின்மேல் போட்டுவிடுகிறது. மிக்-21 மிக வேகமாகத் தரையிறங்கும் விமானம். அதில் ஏறுவதற்கு முன் இளம் விமானிகளுக்கு இடைப்பட்ட உயர்நிலைப் பயிற்சி ஜெட் ஒன்று தேவை என்று 1980களின் தொடக்கத்திலேயே குழு அமைத்துப் பரிந்துரைத்தாகிவிட்டது. ஹாக் பயிற்சி விமானம் படையில் சேர்ந்ததோ 2008இல். நடுவில் கழிந்த கால்நூற்றாண்டுக்கு யாரும் பட்டப்பெயர் வைக்கவில்லை. கோப்புக்கும் ஒரு கேலிப்பெயர் வைத்திருக்க வேண்டும். 2001இல் மிக்-21 விபத்தில் மகனை இழந்த கவிதா காட்கில் என்னும் தாய் பல ஆண்டுகள் எழுப்பிய கேள்வியும் இதை ஒட்டியதுதான். நல்ல பட்டப்பெயர் உண்மையைச் சொல்லும். சோம்பலான பட்டப்பெயர் உண்மையை மறைக்கவும் செய்யும்.

தமிழின் பங்கு இதில் என்ன? சண்டை விமானத்துக்குத் தமிழில் பிறந்த பட்டப்பெயர்களுள் மறக்கமுடியாதவை ஓடுதளத்தில் பிறந்தவை அல்ல, பதுங்குகுழியில் பிறந்தவை. விமானத்துக்கு உள்ளே இருந்தவர்கள் அல்ல, அடியில் இருந்தவர்கள் வைத்தவை. ஈழத்தில் போர்க்காலத்தில், சரக்கு ஏற்றும் விமானத்தைக் குண்டுபோடப் பயன்படுத்தியபோது, மக்கள் அதைச் 'சகடை' என்றார்கள். சகடை என்றால் வண்டி. மெதுவாக, கடகடவென்று உருண்டு வரும் பாரவண்டி. கண்ணன் கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு, வண்டியின் வடிவில் வந்த அசுரனும் கூடவே நினைவுக்கு வருவான். இத்தாலியின் 'சியாய் மார்கெட்டி' என்ற விமானம் அங்கே 'சியாமாசெட்டி' ஆயிற்று. அந்நியக் கொலைக்கருவி ஒன்று, தெருமுனையில் கடை வைத்திருக்கும் செட்டியாரைப்போல் உறவுக்குள் வந்துவிட்டது. 1996இல் வந்த இஸ்ரேலிய 'கிபிர்' என்ற பெயருக்கு எபிரேய மொழியில் சிங்கக்குட்டி என்று பொருள். வைத்தவர்களுக்கு அது வீரம். கேட்டவர்களுக்கு அது சத்தம். 'கிபிர் அடிச்சுது' என்றால் அங்கே ஒரு பள்ளிக்கூடமோ சந்தையோ வீடோ இல்லாமல் போயிற்று என்று பொருள். இரவும் பகலும் தலைக்குமேல் ரீங்காரமிட்ட ஆளில்லா வேவுவிமானத்தை 'வண்டு' என்றார்கள். சங்கப் பாட்டில் தேன் உண்ணும் வண்டுக்கு இப்படி ஒரு பிற்காலம் வரும் என்று எந்தப் புலவன் எண்ணியிருப்பான்?

இந்தப் பெயர்களைக் கேட்டுச் சிரிப்பு வருகிறது. சிரித்தபின் வெட்கமும் வருகிறது. ஆனால் வெட்கப்படத் தேவையில்லை. ஓசையைக் கேட்டே எந்த விமானம், எவ்வளவு நேரத்தில் வரும், பதுங்குகுழிக்கு ஓடவேண்டுமா வேண்டாமா என்று குழந்தைகள் சொல்லக் கற்றிருந்த இடத்தில், பெயர் என்பது பாதுகாப்புக் கருவி. ஒன்றரை அசையில் சொல்லி முடிக்கவேண்டிய எச்சரிக்கை. அதற்குள்ளும் உவமையை வைத்தார்களே, அதுதான் மொழி. அச்சத்தை அடக்கமுடியாதபோது, அச்சுறுத்துவதையாவது வண்டியாகவும் வண்டாகவும் செட்டியாராகவும் சிறிதாக்கிக்கொண்டார்கள். கூரம் செப்பேட்டின் யானைப்பெயரில் அரசனின் கவிஞன் செய்தது பெரிதாக்கல். இங்கே பெயரற்ற மக்கள் செய்தது சிறிதாக்கல். இரண்டாவதற்கே அதிகக் கவித்துவம் தேவைப்படுகிறது.

சென்னைக்கும் இந்த அனுபவம் சிறிதளவு உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு, எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டுவிட்டு மறைந்தது. கப்பல் அவ்வாண்டு நவம்பரிலேயே ஒழிந்தது. பெயர் ஒழியவில்லை. கெட்டிக்காரனையும் கண்டிப்பான அப்பாவையும் 'சரியான எம்டன்' என்றார்கள் நம் பாட்டிமார்கள். அங்கே போர்க்கருவிக்கு மனிதப்பெயர். இங்கே மனிதனுக்குப் போர்க்கருவியின் பெயர். வழி ஒன்றுதான், திசைதான் வேறு.

ஆகவே நம் வேண்டுகோள் எளியது. கலைச்சொல்லாக்கத்துக்கு நாம் நிறைய உழைத்திருக்கிறோம். வானூர்தி, வானூர்தி நிலையம், ஓடுபாதை என்று சொற்களைச் செதுக்கினோம். நல்ல காரியம். ஆனால் அவை மேலிருந்து வரும் சொற்கள். கீழிருந்து வந்த சொற்களையும் அதே மரியாதையோடு சேகரிக்கவேண்டும். க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி தன் 2008ஆம் ஆண்டுப் பதிப்பில் இலங்கைத் தமிழ் வழக்குகளுக்குக் கதவு திறந்தது. அந்தக் கதவு இன்னும் அகலவேண்டும். சகடையும் வண்டும் எந்த ஆண்டில், எந்த ஊரில், எந்த விமானத்தைக் குறித்தன என்று பொருள் எழுதப்படவேண்டும். தாம்பரத்திலும் சூலூரிலும் அரக்கோணத்திலும் பணியாற்றி ஓய்வுபெற்ற தரைப்பணியாளர்கள், தாங்கள் எண்ணெய் துடைத்த இயந்திரங்களை எப்படி அழைத்தார்கள் என்று எழுதவேண்டும். பெயர் தெரியாத சங்கப் புலவரை அவருடைய ஓர் உவமையாலேயே செம்புலப்பெயனீரார் என்றும் அணிலாடு முன்றிலார் என்றும் அழைத்துக் காப்பாற்றிய மரபு நம்முடையது. பெயர் வைத்தவர் யாரென்று தெரியாத உவமைகளைக் காப்பாற்ற மட்டும் ஏன் தயங்கவேண்டும்?

இதில் அவசரமும் இருக்கிறது. கூரத்துக்கு அண்மையிலுள்ள பரந்தூரில் சென்னையின் இரண்டாவது விமானநிலையம் அமையும் என்று 2022 ஆகஸ்டில் அறிவிப்பு வந்தது. ஏகனாபுரம் முதலிய ஊர்களின் மக்கள் ஏரியையும் வயலையும் வீட்டையும் காக்க அதை எதிர்த்துப் போராடத் தொடங்கினர். அந்த நிலையத்துக்கு ஏதோ ஒரு பெருந்தலைவரின் பெயரை நாளை சூட்டுவார்கள். அது செப்பேட்டு மரபு, நடக்கட்டும். ஆனால் சின்னச் சரக்கு வண்டி வந்ததும் அதைக் 'குட்டி யானை' ஆக்கிய இந்த மக்கள், தங்கள் வயலுக்கு மேல் இறங்கும் விமானத்துக்கும் ஒரு பெயர் வைக்காமல் விடமாட்டார்கள். அதில் அன்பு இருக்குமா, கோபம் இருக்குமா என்பது அவர்களுக்கு என்ன நேர்கிறது என்பதைப் பொறுத்தது. அரசு எழுதும் ஆவணங்களில் இந்த நிகழ்வின் தேதியும் பரப்பளவும் இருக்கும். நடந்தது என்ன என்பது அந்தப் பட்டப்பெயரில்தான் இருக்கும். அதைக் கேட்டு எழுதிக்கொள்ள, இந்த முறையாவது, ஒருவர் அங்கே இருக்கவேண்டும்.